ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்

அடுத்த திங்கட்கிழமை முதல் நான் பிரசவ விடுப்பில் போகிறேன். நம் வானிலைக் கூடத்தை, எனக்குப் பதிலாகப் பார்க்கப்போகும் உங்கள் இருவரிடமும் ஒப்படைப்பதற்கான பட்டியலில் பதினோரு கருவிகள் இருக்கின்றன. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். நாளை இன்னொரு முறையும் பார்ப்பேன். ஆனால் நீங்கள் வெளியே போய் எண்ணினால் பன்னிரண்டு வரும். வேலியோரம் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே கட்டியிருக்கும் கம்பியும் அதில் தொங்கும் வெள்ளைத் துணியும் பட்டியலில் கிடையாது. யாரோ மறந்துவிட்டுப் போன துணி என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது, ஆறு வருட சர்வீஸ். இதற்குள் அனுபவம் என்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமோ என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் போனால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். முதல் பிரசவத்தின்போது வலி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நான், காலை எட்டரை மணிக்கு ஆபீசுக்குப் போன் போட்டு, “மழைமானி மூடியை மூடினீங்களா?” என்று கேட்டேன். நர்சம்மா போனைப் பிடுங்கி, “ஏத்தா, மொதல்ல வாய மூடிட்டு மூச்ச விடு” என்றார். இந்த முறை போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

பதினோரு கருவிகளில் எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய எவர்சில்வர் தொட்டிதான். நாலடி அகலம், முக்கால் அடி ஆழம். அதில் தண்ணீர் நிரப்பி மேலே கம்பி வலை போட்டிருக்கும். பறவை குடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் வலை. காற்றும் வெயிலும் குடிக்கலாம். நேற்றிலிருந்து இன்றுவரை எவ்வளவு குடித்தன என்று தினமும் காலையில் அளந்து எழுதுகிறோம். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டு நீர் எவ்வளவு விட வேண்டும் என்று புதனும் சனியும் வாட்ஸ்அப்பில் அறிவிக்கிறோம். தொட்டி குறைவாகக் குடித்தால் கொடிக்கும் குறைவாகப் போதும்.

அந்தக் குழுவில் நாற்பது விவசாயிகள். காலை வணக்க ரோஜாப்பூ வரும், சாமி படம் வரும், ஒருமுறை விற்பனைக்கு ஓர் ஆடு வந்தது. இவற்றுக்கு நடுவில் என் அறிவிப்பு போகும். ஆட்டுக்கு இருபது பேர் பதில் போட்டார்கள். என் அறிவிப்புக்கு எப்போதும் ஒரே ஒருவர்தான் பதில் போடுவார்: “செய்தாச்சு மேடம்.” சுருளிப்பட்டி செல்வராணி அக்கா. கணவர் மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்க, கீழே ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். நான் நாற்பது நிமிடம் என்றால் அவர் நாற்பத்தோரு நிமிடம் விட மாட்டார். இந்த ஒரு பதிலுக்காகவே நான் அறிவிப்பை நான்கு முறை படித்துப் பார்த்து அனுப்புவேன்.

ஒரு மே மாதம். என் மகள் யாழினிக்கு அப்போது பதினான்கு மாதம். மாமியார் ஊருக்குப் போயிருந்ததால் அவளை ஆபீசுக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தேன். அந்த வாரம் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டிருந்தது. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. இல்லை என்று வந்த காகிதத்தை நான் இரண்டு லேபில் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை கொசு ஒழிப்புப் பணிக்கு வரும் அக்கா டார்ச்சோடு வந்தார். தெருத் தெருவாகத் தொட்டி, டயர், சிரட்டை என்று குனிந்து பார்ப்பவர். நேராக நம் தொட்டிக்குப் போய்க் குனிந்தார்.

“ஏத்தா, இங்கன வந்து பாரு. உன் குளத்துல எல்லாம் டான்ஸ் ஆடுதுக.”

பார்த்தேன். வலைக்குக் கீழே கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

“இது குளமில்லக்கா, கருவி. தண்ணிய எடுக்கக் கூடாது. கவர்மெண்ட் பொருள்.”

“கொசுவுக்கு கவர்மெண்டு எது, பிரைவேட்டு எதுன்னு தெரியுமா? ஊரெல்லாம் சிரட்டையக் கவுத்துறேன், நீ நாலடிக்குத் தொட்டி வச்சு வளக்குற. கைப்பிள்ளைக்காரி பண்ற வேலையா இது? அடுத்த வாரம் வருவேன். ஒரு புழு இருந்தாலும் நோட்டீசுதான்.”

அவர் போனதும் யாழினியைப் பார்த்தேன். அவள் கையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கொசுக்கடியா, எறும்பா என்று தெரியவில்லை. பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது: கொசுப்புழு மேலே வந்துதான் மூச்சு விடும். தண்ணீர் மேல் எண்ணெய் பரவினால் செத்துவிடும். குழந்தைப் பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. ஒரு மூடி ஊற்றினேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு மூடி. ஒரு புழு நெளிவது போலத் தெரிந்தது. கடைசியில் பாட்டிலைத் தலைகீழாகத் தட்டி முடித்தேன்.

மறுநாள் புழு ஒன்றுகூட இல்லை. எனக்கு நிம்மதி. அளந்து பார்த்தேன். முந்தின நாள்வரை எட்டு மில்லிமீட்டர் குடித்துக்கொண்டிருந்த தொட்டி மூன்றுதான் குடித்திருந்தது.

எண்ணெயையும் இந்த எண்ணையும் நான் ஏன் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். எண்ணெய் ஊற்றியது அம்மா. அளவெடுத்தது அலுவலர். இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் பேசிக்கொள்ளவில்லை.

அளவு தவறோ என்று மூன்று முறை எடுத்தேன். மூன்றும் ஒன்றே. தேனி ஆபீசில் இருக்கும் சாருக்குப் போன் செய்தேன்.

“சார், அளவு பாதிக்கும் கீழ வருது.”

“கிளைமேட் மாறுதும்மா. எல்லாம் மாறும். நீ ரீடிங்கப் போடு.”

“வெயில் அப்படியே இருக்கு சார். எனக்கு முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு.”

“உன் முதுகு கருவி இல்லம்மா. தொட்டிதான் கருவி.”

நியாயமாகப்பட்டது. சனிக்கிழமை அறிவித்தேன்: ஆவியாதல் குறைந்துள்ளது, நீரைப் பாதியாகக் குறைக்கவும். குழுவில் ஒருவர் குரல் செய்தி போட்டார்: “மேடம், ஆபீசுல ஏசி மாட்டிட்டாகளா? எங்களுக்கும் ஒண்ணு அனுப்புங்க.” பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதற்குக் கீழே ஒரு வரி: “செய்தாச்சு மேடம்.”

அடுத்த புதன்கிழமையும் அளவு மூன்றுதான். அறிவிப்பும் அதேதான். பதிலும் அதேதான்.

மறுநாள் வியாழன், பன்னிரண்டரை மணி இருக்கும். யாழினியின் துணிகளை ஆபீஸ் குழாயில் அலசி, தொட்டிக்குப் பக்கத்து வேலிக் கம்பியில் காயப்போட்டேன். எட்டுத் துணி. எட்டாவதைப் போட்டுவிட்டுத் திரும்பினால் முதல் துணி அப்பளமாக நின்றது. தொட்டுப் பார்த்தேன். மடித்தால் உடைந்துவிடும் போலிருந்தது. பத்தடி தள்ளி இருக்கும் தொட்டி மட்டும், எனக்குத் தாகமில்லை என்கிறது.

யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வலையைத் திறந்து குனிந்தேன். அவள் சட்டென்று கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தாள். எடுத்த கையை உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். பிறகு மறு கையை நீட்டினாள். தினமும் குளிப்பாட்டும் முன் நான் அவளுக்குச் செய்வதை அப்படியே செய்தாள். அவள் தலையை முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

எண்ணெயால் தொட்டிக்கு நான் மூடி போட்டு வைத்திருந்தேன். காற்றால் குடிக்க முடியவில்லை. ஐந்து நாட்களாக மொட்டை வெயிலில் நின்ற கொடிகளுக்குப் பாதித் தண்ணீர் போதும் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கேட்கவில்லை. அவர்களால் எனக்குக் கவலை இல்லை. கேட்ட ஒருவரின் தோட்டத்தில் காய் பருக்கிற நேரம்.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். முதல் தவறு எண்ணெய் என்றால் இது அதைவிடப் பெரியது. உடனே குழுவில் தட்டினேன்: “அவசரம். இன்று முதல் இரண்டு பங்கு நீர் விடவும்.” அனுப்பிவிட்டுத்தான் சாருக்குப் போன் செய்தேன்.

“எண்ணெயா? யார்ட்டயும் சொல்லாதம்மா. அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிப் போடு. ஆவரேஜுல சரியாயிரும். நான் வேற மாசக் குறிப்புல காலநிலை மாற்றத்தின் அறிகுறின்னு எழுதிட்டேன்.”

“கொடி ஆவரேஜுல குடிக்காது சார்.”

சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. ஐந்து நாள் காய்ந்து கிடந்த கொடிக்கு ஒரே நாளில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டால், பழம் மடமடவென்று உப்பும். தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வெடித்துவிடும். வெடித்த திராட்சைக்கு இரண்டு நாளில் ஈ வந்துவிடும். பாதிப் பழமாவது மிஞ்சியிருக்கும் தோட்டத்தை முழுசாக அழிக்கும் வழியை நான் அவசரம் என்று தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

செய்தியை அழித்தேன். உடனே நாலு பேர், “மேடம் என்ன டெலிட் பண்ணீக?” என்று கேட்டார்கள். ஆடு விற்றவர், “நம்ம ஆட்டப் பத்தியா?” என்றார். அதற்கு முன்பே செல்வராணி அக்காவிடமிருந்து பதில் வந்துவிட்டது: “செரி மேடம்.”

போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “இரண்டு பங்கு வேண்டாம்” என்று தனியாக அனுப்பினேன். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. தோட்டத்துக்குள் சிக்னல் இருக்காது. சுருளிப்பட்டிப் பக்கம் மும்முனைக் கரண்ட் இரண்டு மணிக்கு வரும். வந்ததும் மோட்டார் ஓடும். மணி ஒன்று பத்து.

மே மாத மத்தியானத்தில் காய்ச்சலில் இருந்து எழுந்த பிள்ளையை ஸ்கூட்டியில் கொண்டுபோவதா? எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரரிடம் விடுவதா? பஸ்ஸா, ஆட்டோவா? நான் வாசலில் நின்று நாலு முடிவு எடுத்து நாலையும் மாற்றிக்கொண்டிருந்தபோது, கையில் டார்ச்சோடு கொசு அக்கா வந்து நின்றார்.

“என்னத்தா, நோட்டீசு வரும்னு ஓடப் பாக்குறியா?”

விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையை வாங்கிக்கொண்டார். எப்போது பால், எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“நாலு பெத்தவத்தா நான். இன்னும் ஒரு வார்த்த பேசுனா பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிருவேன். கெளம்பு.”

அரைமணி நேர வழி. முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று ஊர்வலம் போல் போனது. கம்பம் தாண்டியதும் ஒரு செம்மறி மந்தை. இன்னொரு முறை போன் செய்யலாமா என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் முன்பே போயிருப்பேன் என்று இப்போதும் உறுத்துகிறது. தோட்டத்து வாசலை அடைந்தபோது மணி இரண்டு பத்து. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

பந்தலுக்கு அடியில் குனிந்தபடி ஓடினேன். துப்பட்டா கம்பியில் மாட்டியது. விட்டுவிட்டு ஓடினேன்.

“அக்கா! நிறுத்துங்க! நிறுத்துங்க!”

தண்ணீர்த் தொட்டியோரம் செல்வராணி அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் நுரை.

“எத நிறுத்த? சோப்பு போடுறதையா?”

மோட்டார் ஓடியது துணி துவைக்கும் தொட்டிக்கு. சொட்டு நீர் வால்வு மூடியே இருந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார்.

“வால்வத் தொறக்கலையாக்கா?”

“போன வாரம் பாதின்னீக. இன்னைக்கு ரெண்டு பங்குன்னீக. செரின்னு போட்டுட்டேன், கை வரல. ஆபீசுல யாருக்கோ மேலுக்கு முடியலபோல, விசாரிச்சிட்டுத் தொறப்போம்னு துணியத் தூக்கிட்டேன்.”

“எனக்குத்தான் முடியலக்கா. தொட்டியில எண்ணெய ஊத்திட்டேன்.”

“என்ன எண்ணெ?”

“தேங்கா எண்ணெ.”

“கெட்டுப்போனதா?”

“இல்லக்கா, நல்லது. பிள்ளைக்கு வாங்குனது.”

“ஒரு பாட்டிலு நல்லெண்ணெ விலைக்கு விக்கிற தேங்கா எண்ணெயவா தண்ணியில ஊத்துனீக?” அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொசு, புழு, மூடி என்று எல்லாம் சொல்லி முடித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து, கையைச் சேலையில் துடைத்து, ஒரு கொத்தைத் தாழ்த்தி என்னிடம் காட்டினார். அழுத்திப் பார்த்தேன். காய் கல் போல இருக்க வேண்டும். என் மகளின் காது மடல் போலத் துவண்டிருந்தது.

“நாப்பது பேருல நான் ஒருத்திதான் நீங்க சொன்னதக் கேட்டேன். கேக்காதவுக தோட்டத்த அங்கன பாருங்க மேடம். கண்ணாடி கணக்கா நிக்குது.”

பார்த்தேன். அடுத்த தோட்டத்தில் கொத்துகள் மினுமினுத்தன.

“எனக்கும் தெரிஞ்சதுதான்” என்றார், கொத்தை விட்டுவிட்டு. “ஒரு வாரமா நைட்டியக் கம்பியில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காயுது. என்ன இது, மேடம் வேற சொல்றாகளேன்னு நெனச்சேன். படிச்சவுக, தொட்டி வச்சு அளக்குறாக, நம்ம நைட்டிக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.”

“நானும் பிள்ளை துணிக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்க்கா.”

அப்போதுதான் சிரித்தார். பிறகு வால்வைக் காட்டினார். “இப்ப எம்புட்டு விடணும்? இந்தத் தடவ யோசிச்சுச் சொல்லுங்க, கேட்டோ.” அந்தக் ‘கேட்டோ’ மட்டும் கணவர் மலையிலிருந்து கொண்டுவந்த மலையாளம்.

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. இருவருமாக வரப்பில் நடந்து, மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, கொத்துகளை அழுத்திப் பார்த்து, அன்று வழக்கமான அளவைவிடச் சற்றுக் குறைவாகவே விட முடிவு செய்தோம். மறுநாள் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவது. ஐந்து நாள் நான் தினமும் போனேன். தினமும் போகும் வழியெல்லாம், முந்தின நாள் சொன்னது தவறோ என்று நினைத்துக்கொண்டே போனேன். பழம் வெடிக்கவில்லை. நடு வரிசைகள் தேறிவிட்டன. சொட்டு நீர் கடைசியாகப் போய்ச் சேரும் நாலு வரிசை தேறவில்லை.

அந்த வியாழக்கிழமை ஆபீசுக்குத் திரும்பியபோது தொட்டி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. கொசு அக்கா தேங்காய் நாரும் சோப்புத்தூளுமாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். யாழினி அவர் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாரம் ஒருக்கா இப்புடிக் கழுவி, தண்ணி மாத்துனா மருந்தும் வேணாம், உன் எண்ணெயும் வேணாம். இதக்கூடவா சொல்லித் தரல உனக்கு?”

சொல்லித் தந்திருந்தார்கள். கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தை பிறந்தபிறகு வாரம் ஒருமுறை என்பதை நான் மாதம் ஒருமுறை ஆக்கியிருந்தேன். கோடையில் தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன்.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பும் முன் ஏழு முறை படித்தேன், ஆனால் எதையும் குறைக்கவில்லை. “அப்ப தலைக்கு என்னத்தத் தேச்சீக மேடம்?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தனியாகப் போன் செய்து, தன் பண்ணைக் குட்டையிலும் எண்ணெய் ஊற்றினால் கோடையில் தண்ணீர் வற்றாதே என்றார். குட்டைக்கும் மூச்சு வேண்டும், மீன் செத்துவிடும், காற்றுக்குப் போகும் தண்ணீர் வீணாகப் போவதில்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். “அப்ப நம்ம குட்டத் தண்ணிதான் மேகமலையில மேகமா நிக்குதுங்கிறீகளா?” என்றார். “கொஞ்சம் உங்களோடதும் இருக்கும்ணே” என்றேன். அவருக்கு ஒரே பெருமை. வேடிக்கை என்னவென்றால், அன்றிலிருந்துதான் என் அறிவிப்பைப் பலர் படிக்க ஆரம்பித்தார்கள்.

பதிவேட்டில் அந்த எட்டு நாள் அளவுகளையும் அடித்து, குறிப்புப் பகுதியில் காரணம் எழுதினேன். சார் படித்துவிட்டு, “ரிமார்க்ஸுல தேங்கா எண்ணெய்னு எழுதுன மொத ஆளு நீதாம்மா” என்றார். ஆனால் தன் மாசக் குறிப்பைத் திரும்ப வாங்கித் திருத்தினார். அதை அவர் செய்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறுவடை முடிந்ததும் செல்வராணி அக்கா ஒரு பை கொடுத்தனுப்பினார். உள்ளே சுண்டிப்போன சின்னச் சின்னத் திராட்சைகள், கடைசி நாலு வரிசையில் பறித்தவை. “மேடம் பங்கு” என்று ஒரு சீட்டு. யாழினி முழுவதையும் தின்றாள். தண்ணீர் இல்லாமல் காய்த்ததால் அத்தனை இனிப்பு. இனிப்பாக இருந்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. அந்தச் சீட்டை மேசையின் முதல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன், பதிவேட்டுக்கு மேலே. அங்கேயே இருக்கட்டும்.

தொட்டியை நம்புங்கள். அது பொய் சொல்லாது. ஆனால் அதன் வாயை நீங்கள் பொத்தியிருந்தால் அதற்கே அது தெரியாது. அதனால்தான் அந்தக் கம்பியும் துணியும்.

புதன்கிழமை பதினொன்றரைக்குச் செல்வராணி அக்காவிடமிருந்து ஒரு வரி வரும்: “நைட்டி காய இருபது நிமிசம். உங்க தொட்டி என்ன சொல்லுது?” அப்போது வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கம்பியில் போடுங்கள். மணி பாருங்கள். காலையில் எழுதிய அளவை எடுத்து வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் பதில் அனுப்புங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதையே அனுப்புங்கள், காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. சிரிக்க மாட்டார். ஆனால் பதில் வராமல் இப்போதெல்லாம் வால்வைத் திறப்பதில்லை. துணியை அலசிக்கொண்டு காத்திருப்பார்.

காக்க வைக்காதீர்கள். அவருக்கு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்துவிடும்.